அரை மதிப்பெண்

கவராயம் ஒன்று, நாங்கள் இருவர்.
இத்தூர்ரா டீச்சர் கொடுத்த கணக்கு மூன்று.
அச்சாவோவில் செவ்வாயிலிருந்தே மழை.
விட்டத்தில் கட்டிய கொடியில்
அம்மாவின் ரப்பர் கையுறைகள்
பத்து விரலும் கீழே தொங்க
காயமாட்டேன் என்றிருந்தன.

முதல் கணக்கு.
சால்மன் வளர்க்கும் வட்டக் கூண்டு,
விட்டம் முப்பது மீட்டர், சுற்றளவு என்ன?
தொண்ணூற்று நான்கு, சொச்சம்.
எழுதி அடிக்கோடும் போட்டுவிட்டேன்.
ஆலையில் மீன் வயிறு கிழித்துவிட்டு வந்த அம்மா
(அதற்கு முன் தீவனப் படகில் இருந்தவள்)
தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.
"வட்டமா? யாரு சொன்னது?
ஓதம் இழுக்கறப்ப போய்ப் பாரு,
முட்டை மாதிரி இருக்கும்."
சொல்லிவிட்டு விறகெடுக்கப் போனாள்.
கேள்வியில் ஓதம் இல்லை.
நானும் சேர்க்கவில்லை.

இரண்டாவது, தொடுகோடு.
ஒரே ஒரு புள்ளியில் தொட்டுவிட்டு
திரும்பிப் பாராமல் போகிற கோடு.
அதை வரையும்போது எலிசேயோவின் முழங்கை
என் முழங்கையில் இடித்தது.
தொட்ட இடத்தில் ஆரத்துக்குச் செங்குத்து என
நிரூபிக்கச் சொல்லியிருந்தார்கள்.
நிரூபித்தோம்.
வேறெதையும் நிரூபிக்கவில்லை.

மூன்றாவதில்தான் மாட்டிக்கொண்டோம்.
முக்கோணத்தின் பக்கத்தை மூன்றாய்ப் பிரி,
நடுத்துண்டைப் பிடுங்கு,
அங்கே கூரைபோல் இரண்டு நிறுத்து.
மறுபடி பிரி, மறுபடி பிடுங்கு, மறுபடி நிறுத்து.
மூன்று இருந்த இடத்தில் எப்போதும் நான்கு.
மூன்றாம் சுற்றில் என் பனிப்பூ
கடல் முள்ளெலி ஆயிற்று.
ஐந்தாம் சுற்றில் வெறும் கரி.
சுற்றளவு வளர்ந்துகொண்டே போகுமாம்,
எந்த எண்ணிலும் நிற்காதாம்.
ஆனால் மொத்தத்தையும்
ஒரு காபிக் கோப்பை மூடிவிடுமாம்.
கவிழ்த்துப் பார்த்தேன்.
மூடியது.
எலிசேயோவுக்குச் சிரிப்பே வரவில்லை,
கோப்பையைத் தூக்குவதும் வைப்பதுமாக இருந்தான்
கடைசிப் படகு ஊதும்வரை.
அவன் ஓடிய வேகத்தில்
கவராயம் என்னிடமே தங்கிவிட்டது.

மூன்றாவதற்கு ஒரு வாலும் இருந்தது, சின்ன எழுத்தில்:
அருகிலுள்ள ஒரு தீவின் கரையை அளந்து வருக.
நான் அவனுடைய தீவையே எடுத்துக்கொண்டேன்.
வரைபடத்தில் கவராயக் கால்களை
ஐந்து கிலோமீட்டர் அகலம் வைத்து நடத்தினால் இருபது.
ஒன்று வைத்தால் இருபத்தொன்பது.
அரை வைத்தால் முப்பத்தேழரை.
அடி சிறுத்தால் கரை நீளும் என்று
அட்டவணை போட்டு, வண்ணமும் தீட்டினேன்.

வியாழன் அவன் வகுப்புக்கு வரவில்லை.
முந்தின இரவு கடற்சிங்கங்கள் வலையைக் கடித்துக் கிழித்து
நான்கு மிதவைகள் காணாமல் போயிருந்தன,
கண்டெடுத்தால் கம்பெனி காசு தரும்.
அண்ணன் ஒஸ்வால்தோவும் அவனும்
ஒவ்வொரு பிளவிலும் படகை நுழைத்து,
பாசியைத் துடுப்பால் விலக்கி,
வெளியே வந்து, அடுத்ததில் நுழைந்து,
இருட்டும்வரை தீவைச் சுற்றியிருக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை
அவன் நோட்டில் ஒரே ஒரு வரி:
கரையின் நீளம், நாற்பத்தொரு லிட்டர்.

கடைசி பெஞ்ச் சிரித்தது.
டீச்சர் சிரிக்கவில்லை.
கொஞ்ச நேரம் சன்னலுக்கு வெளியே பார்த்துவிட்டு
சிவப்பில் 'அலகு?' என்று எழுதி
அரை மதிப்பெண் போட்டார்.
எனக்கு முழுசு, பக்கத்தில் நட்சத்திரம்.

துறைமுகச் சரிவில் கவராயத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.
மிதவை கிடைத்ததா என்று கேட்டேன்.
"ரெண்டு," என்றான்.
"வடக்குப் பக்கம் ஒரு பிளவு பாக்கி.
தண்ணி வத்திடுச்சு, படகு போகல.
போயிருந்தா நாப்பத்திரெண்டு."

வீட்டுக்கு வந்து
நட்சத்திரத்துக்குக் கீழே, அட்டவணையில்,
பென்சிலால் இன்னொரு வரிசை இழுத்தேன்.
நாற்பத்திரண்டு.
அலகு எழுதவில்லை.