மூன்றாம் நீளம்

காலையில் இரண்டு, பகலில் ஒன்று, இரவில் இரண்டு.
ஊர்வேயின் மாத்திரைகளை
ஹெல்தூர் எண்ணி எடுத்து வைக்கிறார்.
எண்ணி வைக்க முடியாத மாத்திரைகள்
அவள் வாயைவிட்டுப் போய்விட்டன,
அக்டோபரில், ஒரு செவ்வாய்க்கிழமை,
வில்யாண்டி தபால் நிலையத்தில்
முத்திரையை ஓங்கிய கை
ஓங்கியபடியே நிற்க.

சொற்கள் திரும்பி வந்தன. அளவு வரவில்லை.
எல்லா அசையும் ஒரே உயரத்தில் அறுத்த வேலிக்கட்டை.
முதல் அசையில் விழவேண்டிய அடி எங்கும் விழவில்லை.
"எந்த நாடு நீங்கள்?" என்று கேட்டாள்
ரொட்டிக் கடையின் புதுப்பெண்,
அறுபத்திரண்டு வருடமாக அந்தத் தெருவிலேயே இருப்பவளை.

எஸ்தோனிய மொழியில்
சத என்றால் நூறு.
சாத என்றால் அனுப்பு.
இன்னும் கொஞ்சம் இழுத்துச் சாஅத என்றால் பெறுவது.
எழுதினால் பின்னிரண்டும் ஒன்றுதான்,
காதுதான் பிரிக்கவேண்டும்.
முப்பத்தோராண்டு வாங்கியும் அனுப்பியும் பிழைத்தவளிடம்
இப்போது மூன்றுக்கும் சேர்த்து
ஒரு சத்தம்.

பேச்சுப் பயிற்சி தரும் பில்வி விரலை நொடிக்கிறாள்.
ஒன்று. இரண்டு.
"மூன்றாவதற்கு நொடி கிடையாது.
விளிம்பில் நின்று எட்டிப் பாருங்கள்."
ஊர்வே எட்டிப் பார்த்தாள்.
கீழே ஒன்றுமில்லை.

டிசம்பரில் மகன் பனிக்காலணி அனுப்பியிருந்தான்.
பெட்டியைத் தட்டி அவள் சொன்ன அந்த ஒற்றைச் சொல்லை
ஹெல்தூர் நம்பி,
திருப்பி அனுப்பிவிட்டு வந்தார்.

"சாஅஅத!"

நெஞ்சில் கிளம்பிய ஆகாரம்
பல்லைத் தாண்டி, கெண்டி மூடியை அதிரவைத்து,
சன்னல் கண்ணாடியில் கொஞ்சம் நின்று
பிறகுதான் இறங்கியது.
அசை வந்துவிட்டது.
இருவரும் அசையவில்லை.

மறுநாள் அது இல்லை.
பில்வி குறித்துக்கொண்டாள்:
மூன்றாம் நீளம், கோபத்தில் மட்டும்.

அன்றுமுதல் சூப்பில் உப்பை மறக்கிறார் ஹெல்தூர்.
சீப்பை ஒளிக்கிறார்.
கதவைத் திறந்துபோட்டு
பனிக்காற்றை உள்ளே விடுகிறார்.
அவளுக்குத் தெரிந்துபோயிற்று.
தெரிந்தபின் கோபம் எங்கே வரும்?
சிரிப்புத்தான் வருகிறது,
சிரிப்பிலோ எல்லாமே குறில்.

ஏப்ரலில் காலணி திரும்பி வந்தது.
வெளியே பனி இல்லை, வெறும் சேறு.
வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டு நடக்கிறாள்.
வலக்கால் மரத்தரையில் சட்டென்று விழுகிறது,
இடக்கால் இழுபட்டு வருகிறது.
குறில், நெடில்.
குறில், நெடில்.
சமையலறை நிலைப்படியில் நின்றாள்.
அந்த நிற்பு இரண்டையும்விட நீளம்.

அடுப்பருகே ஹெல்தூர்,
ஒரு சிட்டிகை உப்பு
விரலிடுக்கில்,
போடாமல்.