விசிறி மாற்ற வந்தவன்

நான்யாங் நகரம். பேருந்துப் பணிமனைக்கு எதிரே
மியாவ் ஷுயின் நடத்தும் சிகிச்சைக்கூடம்.
ஆறு கட்டில்கள், ஆறு முதுகுகள்,
ஒவ்வொரு முதுகிலும் ஒரு மூங்கில் பெட்டி,
பெட்டிக்குள் கனலும் மாசிபத்திரிப் பஞ்சு.

நான் நோயாளி அல்ல.
புகை இழுக்கும் விசிறி முனகுகிறது என்றார்கள்,
ஏணியோடு வந்தேன்.

மூடியைக் கழற்றினால் உள்ளே பிசின்,
அடிப்பிடித்த வெல்லப்பாகின் நிறத்தில்,
தொட்ட விரலை விடாமல்.
"துடைத்து எத்தனை நாளாயிற்று?"
"கடை திறந்த நாளிலிருந்து யாரும் தொட்டதில்லை"
என்றாள், கூச்சமே இல்லாமல்.
முனகலாம். அது இருமல்.

ஜன்னலோரக் கட்டிலில் லாரிக்காரர் தாவ் கெச்சாங்
குப்புறக் கிடந்தபடியே கேட்டார்:
"புதுசு நிறைய இழுக்குமோ?
காசு கொடுத்த புகை தம்பி,
முழுதையும் வெளியே அனுப்பிவிடாதே."

புகையாத கரிக்குச்சியும் சந்தையில் உண்டு.
ஒரு பெட்டி வாங்கிப் பார்த்தாளாம், யாரும் படுக்கவில்லை.
நெருப்பில்லாமல் புகையாது என்பது பழமொழி.
இங்கே புகை இல்லாவிட்டால்
நெருப்பையே நம்ப ஆளில்லை.

தூசி அளக்கும் கருவி ஒன்று என் பையில் இருக்கும்.
எடுத்து நீட்டினேன். எண் சிவந்தது.
எட்டிப் பார்த்தாள்.
"மூலிகைக்கும் டீசலுக்கும் இதற்கு வித்தியாசம் தெரியுமா?"
"தெரியாது. தூசியை எண்ணும், அவ்வளவுதான்."
"அப்படியென்றால் இதற்கு ஒன்றும் தெரியாது."
எனக்கும்தான் தெரியாது.
கருவியைப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஆனாலும் மனம் கணக்குப் போட்டது.
படுத்திருப்பவர்களுக்கு வாரம் இரண்டு முறை,
முறைக்கு அரை மணி நேரம்.
அவளுக்குக் காலை ஒன்பது முதல் இரவு எட்டு வரை,
பதினோரு வருடம்.
இதை நான் சொல்லவில்லை.

நான்காம் கட்டில் பெண்ணோடு
முட்டைகோஸ் விலை பேசிக்கொண்டிருந்தவள்
பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்:
வீட்டுக்குப் போனதும் தலைக்குக் குளித்து,
சட்டையை வாசலிலேயே கழற்றிவிட்டுத்தான்
மகனைத் தூக்குவாளாம்.

திருப்புளி என் கையிலேயே நின்றது.

புது விசிறி ஓடியது. புகை நூல்பிடித்தாற்போல்
மேலே போனது. எனக்கே பெருமை.
மேல்மாடியில் ஒரு ஜன்னல் படாரென்று சாத்தப்பட்டது.
யாரோ கொடியிலிருந்து துணிகளை
வெடுக் வெடுக்கென்று உருவினார்கள்.

விசிறியை நிறுத்தினேன்.
இன்னும் இரண்டு மீட்டர் குழாய் வேண்டும் என்றேன்.
எந்தப் பக்கம் திருப்புவது?
பின்சந்தில் ஒரு நூடுல்ஸ் கடை.
முன்னால் பேருந்துக்குக் காத்திருக்கும் பள்ளிப் பிள்ளைகள்.

ஏணியில் நின்று யோசித்துக்கொண்டிருக்கையில்
கீழே அவள் அணையப் போன பஞ்சை
வாயருகே கொண்டுபோய் ஊதினாள்.
நன்றாகச் சிவந்தது.

ஊதுவதற்கு முன்
மூச்சை இழுத்தாக வேண்டும் இல்லையா,
அதை நான் பார்த்தேன்.