முகூர்த்தம் இல்லாத நாட்கள்

ஆடியிலும் மார்கழியிலும் மட்டுமே
எங்கள் படம் எடுக்கப்பட்டது.

திருப்பாப்புலியூர் குபேந்திரன் ஸ்டுடியோவின் கேமரா
மற்ற மாதங்களில்
தாலி கட்டுவதைப் பார்க்கப் போய்விடும்.
கல்யாணம் இல்லாத நாளில் வாடகை முன்னூற்றைம்பது.
லென்ஸ் மூடியில் அட்சதை சிக்கியிருந்தால்
நாங்களே எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும்.

அதனால்தான் ஸ்டெல்லாராணி
ஒன்று, காற்றில் சாய்ந்து மிதிக்கிறாள்
இல்லையென்றால் பனிமூட்டத்துக்குள் மிதிக்கிறாள்.
மீதிப் பத்து மாதம் அவள் எங்கிருந்தாள் என்று
படத்துக்குத் தெரியாது.
தையில் வெள்ளிப் பதக்கம் வாங்கினாள்.
வைகாசியில் விழுந்து தோள்பட்டை விலகியது.
இரண்டும் வளர்பிறை முகூர்த்தம்.

அவளுக்கு முன்னால் என் எக்ஸெல்.
நான் ஓட்ட, பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து
ஜாபர்சாதிக் படம் பிடிப்பான்.
முதுகோடு முதுகு,
விழாமலிருக்க ஒரு சாக்குக் கயிறு.
முப்பத்தெட்டைத் தாண்டினால் வண்டி இருமும்.
அவள் எங்களை முந்திவிடாமல்
மெதுவாக வருவாள்,
பெடலில் கால் சும்மா கிடக்கும்.
படத்தில் இருப்பது அவள் வேகம் இல்லை.
என் வண்டியுடையது.

பெண்ணையாற்றுப் பாலம், ரெட்டிச்சாவடி, முள்ளோடை.
எல்லையைத் தாண்டினால் புதுச்சேரி,
பெட்ரோல் லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு.
கன்னியக்கோயில் பங்க் வரைக்கும் மட்டும்
டேங்கில் இருக்கும்படி கிளம்புவோம்.
ஒருமுறை கணக்குத் தப்பி
கேமராவைத் தோளில் போட்டுக்கொண்டு தள்ளினோம்.
அன்று ஸ்டெல்லாராணி
எங்களைப் படம் பிடித்தாள், செல்போனில்,
சிரித்துச் சிரித்து ஆடுகிறது அது.
அதையும் சேர்த்திருக்கிறேன்.

சென்னையில் ஒரு நிதிக் குழுவின் முன் உட்கார்ந்தேன்.
கண்ணாடியைத் துடைத்தபடி ஒருவர் கேட்டார்:
‘அந்தப் பெண் ஏன் எப்போதும் வடக்கு நோக்கியே போகிறாள்?
அது ஒரு தேடலா?’
ஆமாம் என்றேன்.
பெட்ரோல் என்று சொல்லியிருக்கலாம்.
‘பிற நிதி ஆதாரங்கள்’ என்ற கட்டத்தில்
என் வளையல் இரண்டு,
ஜாபர் விற்ற ட்ரைபாட்,
சிப்காட்டில் அவள் நின்ற இருபத்திரண்டு இரவு ஷிப்ட்
என்று எழுதி, அடித்து,
‘நண்பர்கள்’ என்று எழுதியிருந்தேன்.
துக்க வீட்டுக்குப் பேசுவது போன்ற குரலில்
ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது.

பாக்கி பதினோராயிரத்து நானூறு.
ஹார்ட் டிஸ்க் குபேந்திரனின் மேஜை இழுப்பறையில் இருக்கிறது.
பூட்டவில்லை,
அது அவர் எனக்குத் தரும் மரியாதை.

போன ஆவணியில்
மஞ்சக்குப்பத்தில் ஒரு வரவேற்பு.
அவளோடு வேலை பார்க்கும் பெண்ணுக்குக் கல்யாணம்,
என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.
பந்தி மேஜைகளுக்கு எதிரே பெரிய திரை.
அதில் பாலம். விடியல். பனி.

எங்கள் பனி.
மூன்று மார்கழி காத்திருந்து கிடைத்த பதினாலு விநாடி.
அதற்குள் ஒரு பட்டுப்புடவையும் ஒரு கோட்டும்
கைகோத்து மிதந்து வந்தன.
ஸ்டெல்லாராணியைத் துடைத்து எடுத்திருந்தார்கள்,
நிழல்கூட மிச்சமில்லாமல்.
இடது ஓரத்தில் மட்டும் அரைச் சக்கரம் ஒன்று
ஆளில்லாமல் உருண்டு
வெளியே போயிற்று.

நான் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அவள் கேசரியை விழுங்கிவிட்டு,
‘பின்சக்கரம்க்கா.
அன்னைக்கு ரெண்டு கம்பி ஒடஞ்சிருந்துது, தெரியுது பாரு’
என்றாள்.
கொஞ்சம் பொறுத்து,
‘பாக்கியில எவ்ளோ கழிச்சாராம்?’

தெரியவில்லை என்றேன்.
திரையில் எல்லாம் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது,
ஜாதகப் பெயர்கள், ரோஜாப்பூ, பாலம்.
பந்தியில் அடுத்த ஆட்கள்
எங்கள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.
நாங்கள் எழுந்திருக்கவில்லை.
சக்கரம் வரட்டும் என்று
உட்கார்ந்திருந்தோம்.