முப்பத்தொன்றாம் படலம்

விளக்கை அணைத்துவிட்டுப்
பத்து நிமிடம் சும்மா இருக்க வேண்டும்.
விதி அப்படி.
வெயிலிலிருந்து வந்த கண்
எக்ஸ்ரே படலத்தை நேராகப் பார்த்தால்
இருப்பதை இல்லையென்று சாதிக்கும்.

அந்தப் பத்து நிமிடத்தில்தான்
கதவுக்கு வெளியே இயக்குநர் கிளெமென்ஸ்
இருமுவார்,
அமைச்சகத்துக்குப் போகவேண்டிய படிவத்தை
எனக்குக் கேட்கும்படி வாசிப்பார்:
"அணு உலைக் குழாய்களைப் பற்றவைக்கத்
தகுதி பெற்றோர் எத்தனை பேர்?"

மற்றக் கட்டங்கள் நிரம்பிவிட்டன.
சட்டம் உண்டு.
நிலம் உண்டு, பைன் மரங்களை வெட்டியாயிற்று.
கடன், பேச்சு நடக்கிறது.
நடக்கிறது என்றால்
உண்டு என்றே எழுதலாமாம்.
குளிர்விக்கக் கடல்?
பால்டிக் யாரைக் கேட்டுக் குளிர்ந்தது?

ஆட்கள்தான்.
கப்பல் தளத்தைப் பூட்டிய வருடம்
முகமூடியைப் பையில் போட்டுக்கொண்டு
நார்வேக்குப் போனார்கள்.
வீட்டுக் கடனை அடைத்தார்கள்.
பிள்ளைகளை அந்த ஊர் மொழியிலேயே அதட்டப் பழகினார்கள்.
திரும்பி வந்து தேறியவர் பதினேழு.
படிவம் எதிர்பார்ப்பது நானூறு.

ஏரிக்கரையில்
எங்கள் முதல் உலை இன்னும் நிற்கிறது,
கூரையில்லாமல், இடுப்பளவு மழைநீரோடு.
உள்ளே வாத்துகள்.
அப்போது எனக்கு இருபத்திரண்டு.
படலங்களின் மூலையில் எண் ஒட்டுவது என் வேலை.
அன்றைக்கும் தயார் என்றுதான் சொன்னோம்.
வேலை நின்றபின்
கலன் ஒன்று ஹங்கேரிக்குப் போனது.
ஒருநாளும் சூடேறாமல் அங்கே
பயிற்சிக்கு வருகிறவர்களுக்குத்
திறந்து மூடக் கற்றுக்கொடுக்கிறது.

முப்பத்தொன்றாம் படலம்
டோபியாஷ் ஃபோர்மேலாவுடையது.
சீரான பற்று. அலை அலையாக,
காற்று படிந்துபோன மணல் போல.
நடுவில் ஒரு கசகசா.

கிறிஸ்துமஸ் கேக்கில் ஆயிரம் கிடக்கும்,
யாரும் எண்ணுவதில்லை.
இதை அளந்தேன்.
எல்லைக்கு மயிரிழை அப்பால்.

"மயிரிழைதானே" என்றார் கதவுக்கு வெளியே.
"புதன்கிழமை அமைச்சர் வருகிறார்.
பதினேழே வெட்கக்கேடு,
அதைப் பதினாறாக்குவாயா?"

எறும்பு ஊர்ந்தே கல் தேயும்.
நூற்றைம்பது மடங்கு அழுத்தத்தில்
அறுபது வருடம் ஊரப்போகிற நீருக்கு
இது வாசல்.
அதை அவரிடம் சொல்லவில்லை.
"உள்ளே வாருங்கள், ஃபோர்மேலாவையும் கூப்பிடுங்கள்"
என்றேன்.

மூன்று பேர், மூன்று முக்காலி, இருட்டு.
நாலாம் நிமிடம்
கிளெமென்ஸின் கைப்பேசி ஒளிர்ந்தது.
அமைச்சகம்.
முதலிலிருந்து.
ஏழாம் நிமிடம் மறுபடி அமைச்சகம்.
முதலிலிருந்து.
மூன்றாம் தடவை அவரே எழுந்து
அதை வெளியே, நாற்காலி மேல்
கவிழ்த்துவைத்துவிட்டு வந்தார்.
தூங்கும் குழந்தையைக் கிடத்துவது போல.

பிறகு வெகுநேரம்
ஒருவரும் பேசவில்லை.
டோபியாஷின் சட்டையில்
ஓசோனும் வெங்காயமும் கலந்த வாசனை.
எங்கோ குழாயில் நீர் சொட்டியது.
இத்தனை வருடத்தில்
இந்த அறையில் இவ்வளவு பேர்
ஒன்றையும் அறிவிக்காமல் உட்கார்ந்ததில்லை.

பத்து.
ஒளிப்பெட்டியைப் போட்டேன்.

நான் விரல் வைக்கவே இல்லை.
டோபியாஷ் குனிந்தார், மூக்கு உரச.
"இதோ" என்றார்.
"இங்கேதான் மூச்சு விட்டேன்.
அன்றைக்கே தெரியும்.
தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்."

கிளெமென்ஸும் பார்த்தார்.
முதலில் ஒன்றுமில்லை என்றார்.
பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

கீழே சாணை சுழலத் தொடங்கியது.
தோண்டி எடுத்து, திரும்ப நிரப்பி,
திரும்பப் படம்பிடித்து:
வியாழன் ஆகும். வெள்ளிகூட ஆகலாம்.

படிவத்தை மேசையில் விரித்துக்
கடைசிக் கட்டத்துக்கு வந்தவர்
பென்சில் இருக்கிறதா என்று
என்னிடம் கேட்டார்.
சட்டைப்பையில் பேனா இருந்தது.