நான்கு கிராம்பு எடை

அம்பனிதியா இறக்கத்தில் எஞ்சினை அணைத்துவிடுவேன்.
அந்தனனரிவோவில் டாக்சி ஓட்டும் எல்லோரும் அப்படித்தான்:
சரிவு இனாம், பெட்ரோல் காசு.
கீழே வந்து சாவியைத் திருப்பினால்
முணுமுணுத்துக்கொண்டாவது எழுந்துவிடும்
என் வெளிர்மஞ்சள் ரெனோ.
இன்று எழவில்லை.

பின்சீட்டில் ஒரு நோட்டரி ஆபீஸ் குமாஸ்தா.
அவர் மடியில் யாருடைய நிலமோ
ரிப்பன் கட்டிக் கிடந்தது.
மூக்கைச் சுளித்தார். எனக்கும் அடித்தது வாடை.
ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்து
ஸ்டார்ட்டரைச் சுழற்றினேன்.
கறுப்பாய் ஒரு ஏப்பம். அவ்வளவுதான்.
"தீர்ந்துபோச்சா பெட்ரோல்?"
"தீரவில்லை ஐயா, திகட்டிப்போச்சு."
பாதிக் கூலியை சீட்டில் வைத்துவிட்டு நடந்தார்.

பானெட்டைத் தூக்கினால்
கார்புரேட்டரின் கடைவாயில் வடிந்துகொண்டிருந்தது.
சிகரெட்டோடு எட்டிப்பார்த்த பையனை விரட்டினேன்.
நான்கு பிளக்கையும் கழற்றி வரிசையாய் வைத்தேன்,
மழையில் நனைந்த நான்கு காக்கைகள்.

முதல் சந்தேகம் சோக் மேல்.
அதனோடு எனக்குப் பழைய பகை.
பாவம், கதவை அகலத் திறந்துகொண்டுதான் நின்றது.
அடுத்தது பம்ப்.
அதன் குழாயைப் பிடுங்கிவிட்டு
தண்ணீர் பாட்டிலில் ஒரு லிட்டர் தொங்கவிட்டு
தானாக இறங்க விட்டேன்.
அப்போதும் மூழ்கிற்று.
ஊசியா? மூடியைக் கழற்றிக் குழாயில் வாய் வைத்து ஊதி
விரலால் ஊசியைத் தூக்கினேன். காற்று சட்டென்று நின்றது.
ஊசி மேல் பழியில்லை.
அரை நாள் போயிற்று, நாக்கெல்லாம் பெட்ரோல்.

கடைசியில்தான் மிதவை.
இரண்டு பித்தளைக் கிண்ணங்களைக்
கவிழ்த்து ஒட்டினாற்போல, கோழிமுட்டையைவிடச் சிறிது.
காதோரம் ஆட்டினேன்.
உள்ளே யாரோ வாய் கொப்பளித்தார்கள்.

ஓ, நீயா.
நிரம்பியதும் மேலே வந்து
ஊசியைத் தள்ளிப் போதும் என்று அடைக்கவேண்டியவள்
நீயே குடித்துவிட்டுத் தரையில் கிடந்தால்
ஊசி யாரைக் கேட்கும்?

சூப் கடை ஹாசினாவிடம் வெந்நீர் கேட்டேன்.
"அடுப்புப் பக்கம் வராதே" என்று
தெருவில் வாளியை வைத்துவிட்டு ஓடினான்.
அழுத்திப் பிடித்தேன். ஒட்டின ஓரத்திலிருந்து
ஒரு கொப்புளம். சற்றுப் பொறுத்து
இன்னொன்று.
ஓட்டையை நான் இதுவரை பார்த்ததில்லை,
அது மூச்சு விட்டதைத்தான் பார்த்தேன்.

குடித்ததெல்லாம் கக்கிய பிறகு
மசாலாக் கடை பகூலியின் தராசில் வைத்தேன்.
அத்தனை சின்ன எடைக்கல் அவளிடம் இல்லை;
மறுதட்டில் கிராம்பாய்ப் போட்டு நிறுத்தினாள்.

ரேடியோ ரிப்பேர் ஃபிதிசோவா
ஈயம் பற்றவைக்க மறுத்தான். மோந்து பார்த்தான்.
மறுபடி வெந்நீரில் முக்கச் சொன்னான். மறுபடி மோந்தான்.
பற்றவைத்தபோது
கண்ணை மூடிக்கொண்டான் என்று சத்தியம் செய்வேன்.

திரும்பத் தராசு. இப்போது
நான்கு கிராம்பு கூடுதல்.
"இதற்கெல்லாமா கணக்கு?" என்றாள் பகூலி.
கனத்தது தாழ்ந்து மிதக்கும்,
தாமதமாய்த்தான் போதும் என்னும்.
அதன் தகர நாக்கை ஒரு நகக்கண் அளவு வளைத்தேன்.
எடை கூடினவள்
கொஞ்சம் முன்னதாகவே வாய் திறக்கட்டும்.

நாலரை மணிக்கு, இரண்டாம் சுழற்றில்
பிடித்துக்கொண்டது.
கடைவாயைத் தடவினேன். விரல் காய்ந்திருந்தது.

பெட்ரோல் பட்ட கிராம்பை இனி யார் வாங்குவார் என்று
அந்த நான்கையும் என் கையில் திணித்தாள் பகூலி.
காசும் வாங்கிக்கொண்டாள்.
சாம்பல் கிண்ணத்தில் போட்டுவைத்தேன்.
அனுசி ஏரிக்கரையில் ஏறிய பெண்
ஜன்னலை இறக்கிக்கொண்டே கேட்டாள்:
"இது பல் டாக்டர் வண்டியா?"