தொண்டை கட்டிய வியாழன்

வியாழக்கிழமைகளில்
சபைப் பெண்கள் நாங்கள் வீடு வீடாகப் போவோம்,
கழுத்துவரை பொத்தான் போட்ட கறுப்புச் சட்டையில்.
என் பட்டியலில் ஏழு வீடுகள்.
ஆறாவது, குன்றின் முதுகில், ட்சேலிசோவின் வீடு.

வெல்கம் சுரங்கத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள்.
தங்கம் அங்கேயே நின்றுவிட்டது.
தூசி மட்டும் அவரோடு எல்லை தாண்டி
லெசோத்தோவுக்கு வந்தது, நெஞ்சுக்குள்.

வாராவாரம் ஒரே கதைதான்:
இறங்கும் கூண்டு, மூன்றாம் பாதை,
கூட்டாளி ம்பீட்டி கடன் கேட்ட புகையிலை,
கூரை சரிந்தது, விளக்கு அணைந்தது.
அங்கே மூச்சு வாங்க நிற்பார்.
அதற்காகவே காத்திருந்தவள்போல்
"கர்த்தர் அறிவார் ஐயா" என்று
கண்ணை மூடி ஜெபத்தைத் தொடங்கிவிடுவேன்.
ஏழாவது வீட்டில் கோழி வறுத்திருப்பார்கள்.
அதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்த ஜூலையில் மலையெல்லாம் பனி.
எனக்குத் தொண்டை கட்டிவிட்டது;
காற்று வருகிறது, சொல் வரவில்லை.
கழுத்தைத் தொட்டுக் காட்டினேன்.
உட்காரச் சொன்னார்.
அதே கூண்டு, அதே புகையிலை.
விளக்கு அணைந்தது.
நின்றார்.

என் வாயில் ஒன்றும் இல்லை.
மண்ணெண்ணெய் அடுப்பு சீறிக்கொண்டிருந்தது.
வெளியே குதிரை கால்மாற்றி நின்றது.
கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல்
போர்வை நுனியில் ஒளித்துக்கொண்டேன்.

"கூப்பிட்டான்," என்றார்.
"இரண்டு தரம். என் பேரைச் சொல்லி.
கேட்டது.
கேட்காதவன்போல் கூண்டை நோக்கி ஓடினேன்."

பதினோரு மாதமாக வருகிறேன் இந்த வீட்டுக்கு.
ஒவ்வொரு முறையும் கதையின் வாசலில்
ஆமென் என்று தாழ்ப்பாள் போட்டுவிட்டுப்
போனவள் நான்தான்.

எம்மாவு சாலையில் அவர்
நடந்ததெல்லாம் அறிந்தவர்,
நடந்ததே அவருக்குத்தான்,
ஆனாலும் என்ன அது என்று கேட்டார்.
பிறகு, அவர்கள் சொல்லச் சொல்லக் கேட்டார்.
எனக்கோ இரண்டு நிமிடம் பொறுக்கவில்லை.

ட்சேலிசோ அழவில்லை. இருமினார், நெடுநேரம்.
தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.
மன்னிப்பைப் பற்றி எனக்கு மனப்பாடமான
வசனங்கள் ஒன்பது. ஒன்றும் எழும்பவில்லை.
தொண்டையால்தானா, இப்போதும் தெரியாது.

இருட்டியபின் எழுந்தேன்.
தொப்பியைக் கழற்றினார்.
அன்றைய ஜெபம் அவருடையது. சின்னது:
ஆண்டவரே, இந்தப் பெண்ணின் தொண்டையைக் குணமாக்கும்.
சற்று யோசித்துச் சேர்த்துக்கொண்டார்:
அவசரம் ஒன்றும் இல்லை.