இருபத்து மூன்று நிலா

வீடு வங்கிக்கு. நாய் மைலோவுக்கு.
படகை இருவருமே வேண்டாம் என்றோம்.
மூன் கிளிப்கள் வக்கீலின் பட்டியலில் இல்லை,
சமையல் மேசையில் கொட்டி நாங்களே எண்ணினோம்.
நாற்பத்தேழு.
எனக்கு இருபத்து நான்கு, அவனுக்கு இருபத்து மூன்று,
ஒன்று குறைந்ததற்கு ஈடாக
கழற்றும் குழாயை அவன் எடுத்துக்கொண்டான்.

அன்றைக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

கிளிப் என்பது பெரிய சங்கதி இல்லை.
பத்து சென்ட் காசைவிட மெலிந்த எஃகு வட்டம்,
விளிம்பில் ஆறு கவ்வு.
ஆறு தோட்டாவை ஒரே கொத்தாகப் பிடித்து
ரிவால்வரின் உருளைக்குள் ஒரு மூச்சில் இறக்கும்.
முதல் தோட்டாவைக் கட்டைவிரலால் அழுத்து,
அடுத்தது அதற்கு நேர் எதிரில்.
பந்தி பரிமாறுவதுபோல் வரிசையாகப் போனால்
தகடு ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும்.
ஒரே கம்பெனியின் பித்தளையாகப் பொறுக்கு.
மூக்கு உருண்ட குண்டு தானே வழுக்கி உள்ளே போகும்,
தட்டைமூக்கு வாசலில் நின்று வழக்காடும்.

ஏற்றுவது இவ்வளவுதான். கழற்றுவதுதான் பாடு.

பகலில் நான் பியூட் நகரில் பல் சுத்தம் செய்கிறவள்,
கொறடு என் கைக்குப் புதிதல்ல.
ஆனால் கொறடால் இழுத்தால்
காலிக் கூடு வருகிறது,
கிளிப்பின் கவ்வும் கூடவே வளைகிறது.
குழாய் அப்படியல்ல.
கூட்டின் மேல் மாட்டு, ஜாடி மூடியைப்போல் ஒரு திருகு,
'டிக்'.
பல்லாக இருந்தால் நோயாளிக்கு வலித்தே இருக்காது.

அது இல்லாத கோடை முழுக்க
என் வலது கட்டைவிரலில் பிளாஸ்டர்.

வளைந்த கிளிப்பைக் கண்ணால் பிடிக்க முடியாது.
ஜன்னல் கண்ணாடித் துண்டின்மேல் வைத்து
ஓரத்தை விரலால் தட்ட வேண்டும்,
ஆடினால் குப்பைக்கு.
என்னுடையவற்றுக்குச் சிவப்பு நகப்பூச்சில் ஒரு பொட்டு.
பங்கில் வந்தவற்றில் சில அவன் கீறிய எழுத்தோடு,
அவற்றைத்தான் இரவிரவாகத் தட்டிப் பார்த்தேன்.
ஆடும் என்று தெரியும் எனக்கு,
அவன் எதையும் தரையில் போடுகிறவன்.
ஒன்றுகூட ஆடவில்லை.
மறுபடி தட்டினேன்.

அக்டோபர் போட்டி. இலக்குகளின் தோளில் புதுப்பனி.
நான்காம் கட்டத்தில் இரண்டு சுட்டேன்,
மூன்றாவதற்கு விசை நகரவில்லை.
உருளை பாதித் திருப்பத்தில் செருகிக்கொண்டு நிற்க,
டைமர் யாருக்காகவும் நிற்பதில்லை.
லூவெல்லா அட்டையில் சுழியம் எழுதும் சத்தம்
காதுக்கவசத்தைத் தாண்டிக் கேட்டது.

குழாய்முனையை மண்மேட்டுக்குக் காட்டியபடி
திறந்து உருவினேன்.
சிவப்புப் பொட்டு.

ஆகஸ்டில் ஜல்லியில் காலடியில் ஏதோ நெளிந்தது.
அது எது என்று அப்போது நான் குனிந்து பார்க்கவில்லை.

காலிக் கூடு பொறுக்கிக்கொண்டிருந்த மைலோ கேட்டான்:
"கண்ணாடியில் வைத்துப் பார்த்தாயா?"
"உன்னுடையதை எல்லாம் பார்த்தேன்" என்றேன்.

அவன் சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை.
பிக்கப்பின் பின்கதவில் குழாயை வைத்துவிட்டு
காபி வாங்கப் போனான்.
பதினெட்டு கிளிப் கழற்றினேன், நூற்றெட்டு டிக்.
குழாயின் வாயகலத்தைச் சுண்டுவிரலால் அளந்துகொண்டேன்.

வளைந்ததைத் தூக்கி டின்னில் எறிந்த பிறகுதான் உறைத்தது:
இப்போது அவனுக்கும் இருபத்து மூன்று, எனக்கும்.
கணக்குப்படி பார்த்தால் இந்தக் குழாயில் பாதி…

சொல்ல வாயெடுத்தேன்.
அவன் நாயை முன்சீட்டில் ஏற்றி,
என் பக்கத்து இருக்கைப் பட்டையை
அதற்கு மாட்டிக்கொண்டிருந்தான்.

திங்கட்கிழமை பிளம்பர் கிளினிக்கில் விட்டுப்போன
அரை அங்குலச் செம்புக்குழாயில் ஒரு சாண் வெட்டி
வாயோரம் அரத்தால் ஒரு பள்ளம் போட்டேன்.
கொஞ்சம் கோணல். வேலை செய்கிறது.
முதலில் சிவப்புப் பொட்டுகளைக்
கண்ணாடியில் பரப்பினேன்.